சந்தனப் பேலாவும் மச்சம் காட்டும் பிளேயரும்

கடையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததே நாலு வார்த்தைதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கேற்றபடி படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கினேன். பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நம் கடையில் டிவிப் பெட்டி தூக்கச் சேர்ந்தேன். டிவி இலேசு. வாங்க வருகிறவர்கள்தான் கனம். ஒருநாள் சேல்ஸ்மேன் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அன்று நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். "நீ நில்லுய்யா" என்றார் மானேஜர். தகுதித் தேர்வு அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை நின்றுகொண்டேதான் இருந்தேன்.

நீங்கள் இப்போது பெரிய பெரிய டிவி விற்கிறீர்கள். பழைய படத்தையும் ஏஐ புதுசாக்கிவிடும் என்று சொல்கிறீர்கள். போன வாரம் கடைப்பக்கம் வந்தபோது காதில் விழுந்தது. நன்றாகச் சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். என் காலத்தில் அதற்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். பெயர் மாறியிருக்கிறது. வாய் மாறவில்லை.

எச்டி டிவி வந்த புதிது. சனங்களிடம் இருந்ததெல்லாம் பழைய டிவிடி. சின்னப் படம். அதைப் பெரிய டிவியில் போட்டால் கஞ்சித் தண்ணீரில் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். உடனே கம்பெனிக்காரன் அப்ஸ்கேலிங் பிளேயர் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். சின்னப் படத்தைப் பெரிசாக்கி, நடுவில் இருக்கிற ஓட்டையை அதுவே நிரப்பும். எதை வைத்து நிரப்பும்? பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக் குத்துமதிப்பாக. அதை மட்டும் நாங்கள் சொல்லமாட்டோம். மற்றதெல்லாம் சொல்வோம்.

கடையில் இரண்டு டிவி பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்போம். ஒன்றில் சாதாரண பிளேயர். இன்னொன்றில் அப்ஸ்கேலிங் பிளேயர். இரண்டிலும் ஒரே டிஸ்க் ஓடும். கம்பெனிக்காரன் கொடுத்த மீன் டிஸ்க். நீலத் தண்ணீரில் மஞ்சள் மீன். சாதாரண பிளேயருக்கு மட்டமான வயர். மற்றதற்கு நல்ல வயர். மட்டமான வயர் மாட்டின டிவியில் வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்து வைப்போம். மற்றதில் கலர், வெளிச்சம், ஷார்ப்னஸ் எல்லாவற்றையும் கடைசிவரை தள்ளிவிடுவோம். வாடிக்கையாளர் இரண்டையும் பார்ப்பார். அவராகவே முடிவு செய்வார். யாரும் வற்புறுத்தவில்லை.

"பொய் சொல்லாதே. பொய் சொன்னா மாட்டிக்குவ. காட்டு. பாக்குறவன் தனக்குத்தானே சொல்லிக்குவான்" என்பார் மானேஜர். எனக்கு வாய்த்த குரு அவர்தான்.

ஒருதடவை துவாக்குடி காலேஜிலிருந்து ஒரு பெண் வந்தது. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை. இரண்டு டிவியையும் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு டிவிக்குப் பின்பக்கம் போய்க் குனிந்தது.

"அண்ணே, ரெண்டுக்கும் ஒரே வயர் போட்டுக் காட்டுங்க."

"அந்த வயர் ஸ்டாக் இல்லம்மா."

"நான் கொண்டு வந்திருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்தது.

மாட்டினோம். வேறு வழி? இரண்டு மீனும் ஒரே மாதிரி நீந்தின. பிள்ளை சிரித்துக்கொண்டே விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு போனது. நான் அதில் பாடம் கற்றேன். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே இரண்டு டிவியையும் சுவரோடு ஒட்டி வைத்தேன். யாரும் பின்னால் போய்க் குனிய முடியாது.

இப்போது ஹெட்மாஸ்டர் கதைக்கு வருகிறேன்.

பார்த்தசாரதி என்று பெயர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். எங்களிடம்தான் நாற்பது இன்ச் டிவி வாங்கியிருந்தார். பிளேயர் வாங்க வந்தார். இரண்டு டிவிக்கும் நடுவில் நின்று, பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீனைப் பார்த்தார்.

"இந்த அப்ஸ்கேலிங்கறது பழைய டிஸ்கையும் தெளிவாக் காட்டுமா?"

"பழைய டிஸ்குக்குத்தான் சார் அதுவே."

"முகம் தெரியுமோ?"

"மச்சத்தை எண்ணலாம் சார்."

"கூட்டத்துல தள்ளி நிக்கறவா கையில என்ன இருக்குன்னு தெரியுமோ?"

தம்பி, தங்கச்சிகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். மனிதர் வேறு எதையோ கேட்கிறார். சினிமா பார்க்கிறவர் தள்ளி நிற்கிறவர் கையைப் பற்றி ஏன் கேட்கிறார்? மூட்டை தூக்குகிறவனுக்கே சந்தேகம் வரவேண்டிய கேள்வி. சேல்ஸ்மேனுக்கு வரவில்லை.

"கை என்ன சார், கைரேகையே தெரியும்" என்றேன்.

அவர் ஜோல்னாப் பையிலிருந்து ஒரு டிஸ்க் எடுத்தார். "இதைக் கொஞ்சம் போட்டுக் காமிங்கோ."

கடையில் ஒரு சட்டம் இருந்தது. வெளி டிஸ்க் போடக்கூடாது. சொந்த டிஸ்கைப் போட்டுப் பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் சட்டம்.

"வெளி டிஸ்க் போட்டா வைரஸ் வந்துரும் சார்."

டிவிடி பிளேயருக்கு வைரஸ். படித்தவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம். அவர்களுக்குத்தான் வைரஸ் என்றால் பயம். ஹெட்மாஸ்டர் டிஸ்கைத் துண்டில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். விலை கூடின பிளேயரையே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நானே போய் மாட்டிக் கொடுத்தேன். கடையில் வைக்கிற மாதிரியே வைத்தேன். கலர் கடைசிவரை. ஷார்ப்னஸ் கடைசிவரை. அது வீட்டில் வைக்கிற அளவே இல்லை. ஆனால் வீட்டில் மங்கலாகத் தெரிந்தால் போன் வரும். வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மீன் டிஸ்கைப் போட்டேன். ஹெட்மாஸ்டரின் மனைவி வைதேகி மாமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஜொலிப்பு! ஆத்துக்குள்ள காவேரி வந்துட்டாப்ல இருக்கு" என்றார்.

காபி கொடுத்தார். நல்ல காபி. குடித்துவிட்டு வந்தேன். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

எட்டாம் நாள் போன் வந்தது.

"உடனே வாங்கோ."

"படம் வரலையா சார்?"

"வந்துடுத்து. ரொம்ப நன்னாவே வந்துடுத்து. அதான் வாங்கோன்னேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, படம் நன்றாக வருகிறது என்று ஒருவர் கூப்பிடுகிறார். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போனேன். காவேரிப் பாலம் தாண்டும்போது இன்னொரு காபி கிடைக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் சாய்வு நாற்காலியில். மாமி தரையில். மாமியின் தம்பி டிவிக்குப் பக்கத்தில், கையில் மடக்கின குடையோடு. கல்யாணம் நிச்சயமாகியிருந்த இரண்டாவது மகள் ரஞ்சனி கதவில் சாய்ந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. டிவியில் ஒரு படம் அசையாமல் நின்றது.

கல்யாண மண்டபத்து வாசல். முன்னால் நாதஸ்வரக்காரர்கள். அவர்களுக்கு ரொம்பப் பின்னால் வரவேற்பு மேசை. மேசைக்குப் பக்கத்தில் அரக்குப் புடவையில் ஒரு அம்மாள். குனிந்து ஒயர்கூடைக்குள் எதையோ வைக்கிறாள். முகம் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. கையில் மட்டும் ஒன்று பளபளவென்று வெள்ளையாக மின்னியது.

"உக்காருங்கோ. விஷயத்தைச் சொல்லிடறேன்" என்றார் ஹெட்மாஸ்டர். சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன் மூத்த மகள் கல்யாணம். வரவேற்பு மேசையில் சந்தனம் கரைத்து வைத்த வெள்ளிக் கிண்ணம் காணாமல் போயிற்று. அவர்கள் வீட்டில் அதைப் பேலா என்கிறார்கள். மேசையில் நின்றது ஹெட்மாஸ்டரின் சொந்தத் தங்கை கோமளா. புத்தூரில் இருக்கிறார். அரக்குப் புடவை அவர்தான். கல்யாண டிஸ்கில் அவர் கூடைக்குள் எதையோ வைப்பது தெரிகிறது. எது என்று தெரியவில்லை. நாலு வருஷமாக அண்ணன் தங்கையோடு பேசவில்லை. இப்போது இரண்டாவது மகள் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும். சாயங்காலம் பிரஸ்காரர் ஆள் அனுப்புகிறார். பத்திரிகையில் அத்தை பெயர் போடுவதா, எடுப்பதா?

மேசைமேல் பத்திரிகையின் புரூஃப் இருந்தது. ஒரு பெயரைச் சுற்றிப் பென்சிலில் வட்டம் போட்டிருந்தார். நாலு வருஷம் முன்னால் முளைத்த சந்தேகத்துக்குத் தீர்ப்பு வாங்க, என்னிடம் வந்து பிளேயர் வாங்கியிருக்கிறார்.

"பேர் போட்டுட்டா போட்டதுதான். அவ வந்து நின்னா, பேலாவை எடுத்தவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன்னு நாளைக்கு என் மனசே என்னைக் குத்தும். பேரை எடுத்துட்டா..." நிறுத்தினார். "எடுத்துட்டா அப்புறம் ஜன்மத்துக்கும் வரமாட்டா."

"எடுத்துடுங்கோன்னு நான் எப்பவோ சொல்லிட்டேன் அத்திம்பேர்" என்றார் மாமியின் தம்பி. குடையின் நுனியால் டிவியைத் தட்டினார். "இதோ! அப்போ மங்கலா இருந்தது. இப்போ பாருங்கோ, விளிம்புகூடத் தெரியறது. பேலாதான்!"

"மெதுவாடா, டிவி உடைஞ்சுடப் போறது" என்றார் மாமி.

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஆத்து மனுஷா ஆயிரம் சொல்லுவா. நீங்க இந்தத் தொழில்ல இருக்கறவர். மூணாம் மனுஷர். நீங்க சொல்லுங்கோ. அது வெள்ளிதானே?"

நான் டிவியைப் பார்த்தேன். அந்த மினுக்கு எனக்குத் தெரியும். மஞ்சள் மீனின் முதுகில் இருக்கிற அதே மினுக்கு. ஷார்ப்னஸைக் கடைசிவரை தள்ளினால் எந்த வெள்ளைப் பொருளுக்கும் ஓரத்தில் வெள்ளிக் கம்பி கட்டின மாதிரி வரும். அந்த அம்மாள் கையில் இருந்தது என்னவோ தெரியாது. அதில் இருந்த வெள்ளி மட்டும் என் கட்டைவிரல் ரிமோட்டில் அமுக்கினது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மானேஜர்.

"என்னய்யா, பார்ட்டி சந்தோஷமா?"

"படம் நல்லா தெரியுதாம் சார். அதுல தெரியுறது வெள்ளிதானேன்னு கேக்குறாங்க."

"பின்ன என்ன? ஆமான்னு சொல்லிட்டுக் கிளம்பி வா."

நியாயமான யோசனை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. எல்லாருக்கும் வேலை முடிந்துவிடும். பிளேயர் நல்ல பிளேயர். நான் சொன்னது உண்மை. அத்திம்பேர் ஜெயித்தார், மச்சினர் ஜெயித்தார், கம்பெனி ஜெயித்தது. புத்தூரில் இருக்கிற ஒரு அம்மாள் பெயர் மட்டும் ஒரு தாளிலிருந்து போகும். நான் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது.

இல்லை என்றால்? கடையில் சொன்னது பொய் என்றாகும். மச்சத்தை எண்ணலாம் என்ற வாயாலேயே அதைச் சொல்லவேண்டும். காபியும் வராது.

எனக்குப் பெரிய மனசு என்று எண்ணவேண்டாம். ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பெண் ரஞ்சனிதான் கதவோரத்திலிருந்து மெதுவாகச் சொன்னது: "அத்தைதான் எனக்கு சைக்கிள் கத்துக் கொடுத்தா."

நான் கையை நீட்டினேன்.

"ரிமோட்டைக் குடுங்க சார்" என்றேன்.

டிஸ்கை முன்னால் ஓட்டினேன். வீடியோக்காரர் மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ஊஞ்சல், ரிசப்ஷன் எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் அமுக்கி அடைத்திருந்தார். சாமான் ரூம் மாதிரி. அப்படி அடைத்தால் படம் நசுங்கும். நசுங்கினதை எந்தப் பிளேயரும் நிமிர்த்தாது. எனக்கு வேண்டியது பந்தி முடிகிற இடம். கல்யாண டிஸ்க் என்று இருந்தால் அதில் ஐஸ்கிரீம் இருக்கும். தேடினேன். இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர், முதுகைக் காட்டிக்கொண்டு, கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டியிருந்தார். நிறுத்தினேன். கையில் பளபளவென்று ஒன்று மின்னியது.

"இது என்ன சார்?" என்று மாமியின் தம்பியைக் கேட்டேன்.

குடை எழுந்தது. "பேலா! அதே பேலா! கோமளாகிட்டேர்ந்து இவன் வாங்கிண்டு போறான்! யாருடா இவன்?"

"சம்பந்தியாத்துல யாரோ" என்றார் மாமி. "அவாத்துல ஒருத்தர் இப்படித்தான் கழுத்தைச் சாய்ச்சுண்டு நிப்பார்."

ஹெட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நன்னாப் பாருங்கோ. பேலாதானா?"

"சந்தேகமே இல்லை அத்திம்பேர். விளிம்பு தெரியறதே!"

ஓடவிட்டேன். அந்த மனிதர் திரும்பினார். ஒரு மரக் கரண்டியால் காகிதக் கப்பிலிருந்து ஐஸ்கிரீம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர்.

ரஞ்சனி முதலில் சிரித்தது. அடக்கப் பார்த்தது. முடியவில்லை. "அப்பா, பேலாவை நீதான் எடுத்திருக்கே!"

"ஏன்னா, அன்னிக்கு சர்க்கரை ஜாஸ்தின்னு ஸ்வீட்டே தொடலைன்னேளே?" என்றார் மாமி.

அது வேறு கேஸ். அதை அவர்கள் பிறகு பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் முதலில் இருந்து அந்த ஆளைத் தெரிந்துவைத்துப் போட்டேன் என்று நினைக்காதீர்கள். முதுகைப் பார்த்து அது யார் என்று எனக்குத் தெரியாது. ஐஸ்கிரீம் மட்டும்தான் தெரியும். மீதி அதிர்ஷ்டம்.

மறுபடி வாசல் காட்சிக்கு வந்தேன். நிறுத்தினேன். ஷார்ப்னஸை ஒவ்வொரு கோடாகக் குறைத்தேன். விளிம்பு போயிற்று. மினுக்கு போயிற்று. கடைசியில் அந்த அம்மாள் கையில் ஒரு வெள்ளைத் தீற்றல் மட்டும் இருந்தது. கர்ச்சீப்பாக இருக்கலாம். வெற்றிலைப் பொட்டலமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

"மாமி, ரசம் விளாவுறீங்க. தண்ணி ஊத்தினா பாத்திரம் நிறையும். பருப்பு கூடுமா?"

"எப்படிக் கூடும்?"

"இந்த பிளேயர் ஊத்துறது தண்ணி. இந்த டிவியும் தன் பங்குக்கு ஒரு சொம்பு ஊத்தும். அதுக்கு மேல நான் வந்து கலர் பூசிட்டுப் போனேன். டிஸ்குல இருக்கிற பருப்பு அன்னிக்கு இருந்ததுதான். அந்த வெள்ளி அந்தம்மா கையில இருந்ததில்ல. நான் வெச்சது."

ஹெட்மாஸ்டர் என்னையே பார்த்தார். நாற்பது வருஷம் பையன்களைப் பார்த்த பார்வை.

"அப்போ அன்னிக்குக் கடையில சொன்னது பொய்யா?"

"ஆமா சார்."

"கைரேகை தெரியும்னது?"

"பொய்தான் சார்."

"வைரஸ்?"

"அதுவும்."

"இப்போ சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது?"

நல்ல கேள்வி. சர்வீஸில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி.

"இன்னிக்கு உங்ககிட்ட விக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார்.

"அப்போ பேலா எங்கே?" என்றார் மாமியின் தம்பி. குடை தாழ்ந்திருந்தது, ஆனாலும் விடவில்லை.

"எனக்குத் தெரியாது சார். மிஷினுக்கும் தெரியாது. அது தெரிஞ்ச மாதிரி காட்டும். நானும் அப்படித்தான் பேசினேன்."

கோமளா எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கவனியுங்கள். அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாததால் நாக்கு உலர்ந்துவிட்டது. மாமி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். காபி இல்லை. எதிர்பார்த்ததுதான்.

ஹெட்மாஸ்டர் வெகுநேரம் புரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்தார். ஒரு ரப்பர் எடுத்தார். பென்சில் வட்டத்தை அழித்தார். நிதானமாக, தாள் கிழியாமல், சுற்றிச் சுற்றி. பெயருக்குச் சேதம் இல்லை. தூளை ஊதிவிட்டார்.

நான் பிளேயரைக் கழற்றி டப்பாவில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டேன். தூக்குவது மறக்கவில்லை.

மானேஜர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெட்டி கொண்டுபோய்க் குடுக்கிற சேல்ஸ்மேனப் பாத்திருக்கேன். பார்ட்டி கேக்காமயே பெட்டியத் திருப்பித் தூக்கிட்டு வர்ற சேல்ஸ்மேன இப்பத்தான்யா பாக்குறேன்."

கீழ்த்தளத்தில் மிக்ஸி, கிரைண்டர் பக்கம் போட்டார். தண்டனையாம். எனக்கு அங்கே நிம்மதி. கிரைண்டரில் அரிசியைப் போட்டால் மாவு வரும். வராவிட்டால் வராது. அப்ஸ்கேலிங் கிடையாது. மூன்று மாதம் கழித்து மேலே ஆள் போதவில்லை என்று திரும்பக் கூப்பிட்டார். மேலே போனதும் இரண்டு காரியம் செய்தேன். டிவியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். வெளி டிஸ்க் போடலாம் என்றேன். "வியாபாரம் படுத்துரும்" என்றார் மானேஜர். படுக்கவில்லை. பெரிதாக எழுந்திருக்கவும் இல்லை. போன் வருவது மட்டும் நின்றது.

திருப்பிக் கொடுத்த பணத்தில் ஹெட்மாஸ்டர் சாதாரண பிளேயர் ஒன்று வாங்கிக்கொண்டார். உபந்நியாச டிஸ்க் பார்க்கிறாராம். அதில் காதுதான் வேண்டும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதில் ஒன்றுதான். எந்தப் பிளேயர், எந்த டிவி, எத்தனை இன்ச் என்பதெல்லாம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறான். டப்பாவில் இல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. "இதுல எதைப் பார்க்கப் போறீங்க?" நான் அன்று அதைக் கேட்டிருந்தால் ஹெட்மாஸ்டர் சொல்லியிருப்பார். மனிதர் சொல்லத் துடித்துக்கொண்டுதான் நின்றார், டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு. நான் மீனைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணப் பத்திரிகை கடைக்குத் தபாலில் வந்தது. கவரில் என் பெயர், அதற்குக் கீழே "டிவிக் கடை". பிரித்ததும் மாப்பிள்ளை பெயரைத் தேடவில்லை. அத்தை பெயரைத் தேடினேன். இருந்தது.

போனேன். மண்டப வாசலில் வரவேற்பு மேசை. கல்கண்டு, ரோஜாப்பூ, பன்னீர்ச் சொம்பு. இந்தத் தடவை சந்தனக் கிண்ணம் எவர்சில்வர். கிண்ணத்தின் காதில் ஒரு மெல்லிய நூல் கட்டி, மேசைக் காலோடு முடிந்திருந்தது. மச்சினர் வேலையாக இருக்கும். நம்பிக்கை வந்துவிட்டது, ஆனால் நூல் நீளத்துக்குத்தான்.

மேசைக்குப் பின்னால் ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். பக்கத்தில் ஒயர்கூடை. நான் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டேன்.

"நீங்கதான் அந்த டிவிக்காரரா? ரஞ்சனி சொன்னா" என்றார்.

"ஆமாங்கம்மா."

"எங்கண்ணா ஐஸ்கிரீம் சாப்பிட்டதைக் கண்டுபிடிச்சேளாமே?"

"தற்செயலா நடந்ததும்மா."

சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. நூலைப் பார்த்தார்.

"புத்தூர்லேர்ந்து ஸ்ரீரங்கம் பத்து ரூபா பஸ்ஸு. நாலு வருஷத்துல ஒரு நாள் வந்து, கோமளா, நீ எடுத்தியாடின்னு கேட்டிருக்கலாம். இல்லேண்ணான்னு சொல்லியிருப்பேன். தீர்ந்திருக்கும். என்னைக் கேக்கலை. போய் டிவி வாங்கினார். அப்புறம் பிளேயர் வாங்கினார்."

நானும் கேட்காதவன்தானே.

"இப்பவாவது கேட்டாராம்மா?"

"ஊஹூம். பத்திரிகையை நீட்டினார். வான்னார். வந்துட்டேன்."

அப்போது வீடியோக்காரர் கேமராவோடு வாசலுக்கு வந்தார். புதுக் கேமரா. எச்டியாம், சட்டையில் எழுதியிருந்தது. மேசையைப் படம் எடுக்கத் திரும்பினார். யாரோ அந்த அம்மாளிடம் ஒரு வெற்றிலைப் பாக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அதைக் கூடைக்குள் வைக்கக் குனிந்தார். பாதியில் நிறுத்தினார். நிமிர்ந்தார். பொட்டலத்தைக் கேமராவுக்கு நேராகத் தூக்கி, முன்பக்கம் காட்டினார். திருப்பிப் பின்பக்கம் காட்டினார்.

"நன்னாத் தெரியறதாப்பா? வெத்தலை பாக்கு" என்றார். பிறகுதான் கூடைக்குள் வைத்தார்.